ரிப்பன் பில்டிங் உள்ள போய் பாக்க முடியுமா? அப்பாவ கூட்டிட்டு போகணும்

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன விஷயம் கேக்கணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்கப்பாவுக்கு 76 வயசு. ஊர்ல யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கா சேந்து அதே ஆபீஸ்ல மேனேஜரா ரிட்டயர்ட் ஆனவரு. அடுத்த மாசம் சென்னைக்கு என் வீட்டுக்கு வர்றாரு, எங்கெங்க போகணும்னு கேட்டா பீச் வேணாம் மால் வேணாம் கோயில்கூட அப்பறம் பாத்துக்கலாம், அந்த ரிப்பன் பில்டிங்க உள்ள போய் ஒரு தடவ பாத்தா போதும்ங்கிறாரு. எட்டாவது படிக்கிறப்போ ஸ்கூல்ல எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டு வந்தாங்களாம், உயிர் காலேஜ் (ஜூ), செத்த காலேஜ் (மியூசியம்) ரெண்டும் காட்டிட்டு இதை பஸ்ஸுல இருந்தே கைய நீட்டி காட்டிட்டு போயிட்டாங்களாம். அறுபது வருஷத்துக்கு மேல அந்த கோவம் இன்னும் அடங்கல.

நானும் இங்க வந்து பதினோரு வருஷமாச்சு, சென்ட்ரல் போறப்ப வர்றப்ப வெளிய இருந்து பாத்ததோட சரி. அது ஆபீஸுன்னு தெரியும், ஆனா சும்மா சுத்திப் பாக்க விடுவாங்களா, டிக்கெட் மாதிரி ஏதாவது இருக்கா, என்னைக்கு போனா நல்லது, அப்பாவுக்கு முட்டி வலி இருக்கு ரொம்ப நடக்க முடியாது, கார்ல போறதா மெட்ரோவா? உள்ள பாக்கறதுக்கு அப்படி என்னதான் இருக்கு? போய்ட்டு வந்தவங்க யாராவது சொன்னா புண்ணியமா போகும்.

பார்க்டவுன் பையன் எழுதியது:

அக்கா அது மியூசியம் இல்ல, மாநகராட்சி தலைமை ஆபீஸ், அதனால டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் எதிர்பாக்காதீங்க. சனி ஞாயிறு போனீங்கன்னா கேட்டோட திரும்பி வரணும், வேலை நாள்ல போங்க. கேட்ல செக்யூரிட்டி எங்க போறீங்கன்னு கேப்பாங்க, "சுத்திப் பாக்க வந்தோம்"னு மொட்டையா சொன்னா யோசிப்பாங்க. முன்னாடியே மக்கள் தொடர்பு அலுவலகத்துல ஒரு லெட்டரோ மெயிலோ குடுத்து, இந்த மாதிரி வயசானவரு, ரிட்டயர்ட் அரசு ஊழியர், மாமன்றக் கூடம் பாக்க ஆசப்படுறாருன்னு எழுதி கேட்டுட்டு போங்க. அப்பா ஐடி கார்டு பென்ஷன் புக் ஏதாவது கையில வச்சுக்குங்க.

கார் வேணவே வேணாம். மெட்ரோல சென்ட்ரல்ல எறங்குனா பக்கத்துலயே இருக்கு, லிஃப்ட்ல மேல வந்துடலாம். ஆட்டோக்காரன்கிட்ட மட்டும் போகாதீங்க, எங்க மாமாவ சென்ட்ரல் வாசல்ல ஏத்தி ஒரு ரவுண்டு சுத்தி ரிப்பன் பில்டிங் வாசல்லயே எறக்கி விட்டு இருநூறு ரூபா வாங்கிட்டான் ஒருத்தன், நடந்தா அஞ்சு நிமிஷம் அது 😂

சுடுதண்ணி எழுதியது:

ரிப்பன் கட் பண்ணி திறந்ததால ரிப்பன் பில்டிங்னு பேர் வந்துச்சாம், எங்க சயின்ஸ் வாத்தியார் சொன்னது. பாக்க சூப்பரா இருக்கும், இந்தோ சாரசெனிக் ஸ்டைல்.

செங்கல் சுண்ணாம்பு எழுதியது:

சுடுதண்ணி, ஒரு போஸ்ட்ல ரெண்டு தப்பு. வாத்தியார நான் ஒண்ணும் சொல்லல.

ரிப்பன்ங்கறது ஆள் பேரு. ரிப்பன் பிரபு, 1880ல இருந்து 1884 வரைக்கும் இங்க வைஸ்ராயா இருந்தவரு. உள்ளூர் வேலைய உள்ளூர் ஆளுங்களே தேர்ந்தெடுத்த சபை வச்சு பாக்கட்டும்னு 1882ல தீர்மானம் கொண்டு வந்தாரு, அதனாலதான் உள்ளாட்சியோட தந்தைன்னு அவர சொல்றது. அக்கா, உங்கப்பா யூனியன் ஆபீஸ்ல இருந்தவரு, அவருக்கு இது என்னைவிட நல்லா தெரிஞ்சிருக்கும், அவரு ஏன் இதைப் பாக்கணும்னு அடம் பிடிக்கிறாருன்னு எனக்கு புரியுது.

அடுத்தது ஸ்டைல். இந்தோ சாரசெனிக்ங்கறது பக்கத்துல செவப்பா நிக்குதே விக்டோரியா பப்ளிக் ஹால், சிஷோம் வரைஞ்சு நம்பெருமாள் செட்டியார் கட்டினது, அது. ரிப்பன் பில்டிங் நியோ கிளாசிக்கல், அதாவது கிரேக்க ரோமானிய தூண் பாணி. மெட்ராஸ்ல செவப்பா குவிமாடம் வச்சு கட்டின காலத்துல இது வெள்ளை வெளேர்னு நிக்கும், அதனாலதான் கண்ணு அங்க போகுது. ஹாரிஸ்னு ஒரு ஆர்க்கிடெக்ட் வரைஞ்சாரு, கட்டினது லோகநாத முதலியார். 1909 டிசம்பர்ல மின்டோ பிரபு அடிக்கல் நாட்டினாரு, 1913 நவம்பர்ல ஹார்டிஞ்ச் பிரபு திறந்து வச்சாரு. மொத்த செலவு ஏழரை லட்சம், அதுல அஞ்சரை லட்சம் முதலியாருக்கு. இப்போ ஏழரை லட்சத்துக்கு கார் பார்க்கிங்கூட வராதுன்னு சொல்லி எல்லாரும் சிரிக்கறது வழக்கம், நானும் சிரிச்சுக்கறேன்.

பாக்க என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல. மொதல்ல வெளிய நின்னு நீளத்த பாருங்க, 85 மீட்டர். நடுவுல கோபுரம் 130 அடிக்கு மேல, அதுல கடிகாரம் 8 அடி விட்டம். உள்ள போனா சுவர தட்டிப் பாருங்க, கான்கிரீட் இல்ல, செங்கல், சுண்ணாம்புக் காரை. மேல அண்ணாந்து பாத்தா தேக்கு உத்தரம் தாங்குற கூரை. கீழ்த்தளத்துல மொதல்ல கடப்பாக் கல்லு போட்டிருந்தாங்க, அத எடுத்துட்டு அப்பறமா மார்பிள் போட்டாங்க. என்னைக் கேட்டா கடப்பாக் கல்ல விட்டிருக்கலாம், வெயில் காலத்துல அதுமேல வெறுங்கால்ல நடக்கற சொகம் மார்பிள்ல வராது. சரி அது என் கவலை.

சுடுதண்ணி எழுதியது:

சரி தல தப்புதான் ஒத்துக்கறேன். ஆனா நம்பர பாத்தா நீங்க புக்க பாத்து எழுதின மாதிரி இருக்கு 😄

செங்கல் சுண்ணாம்பு எழுதியது:

புக்க பாத்து எழுதறதுல என்னய்யா தப்பு, வாத்தியார பாத்து எழுதினா உன் கதைதான்.

பழைய ஃபைல் எழுதியது:

அம்மா, நான் மாநகராட்சியிலதான் வேலை பாத்து ஓய்வு பெற்றவன். 1979ல சேர்ந்தேன். உங்க அப்பாவும் நானும் ஒரே ஜாதி, ஃபைல் ஜாதி. அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்குங்க.

அவர கண்டிப்பா மாமன்றக் கூடத்துக்கு கூட்டிட்டு போங்க. மன்றக் கூட்டம் மாசத்துக்கு ஒரு தடவ நடக்கும், அந்த நாள்ல போனா பாதுகாப்பு, கவுன்சிலர்கள், பத்திரிகைக்காரங்கன்னு ஒரே கூட்டமா இருக்கும், சாவகாசமா பாக்க முடியாது, அதனால கூட்டம் இல்லாத நாளா கேட்டு போங்க. 1933ல ராஜா சர் முத்தையா செட்டியார் மேயரா இருந்ததுல இருந்து எத்தனையோ பேரு அந்தக் கட்டடத்துல மேயரா உக்காந்திருக்காங்க, 1956ல தாரா செரியன், இந்த மாநகராட்சிக்கு வந்த முதல் பெண் மேயர். 2022ல பிரியா பதவியேத்தப்போ செவப்பு அங்கி போட்டு செங்கோல் வாங்கினத டிவில பாத்திருப்பீங்க.

ஆனா ஒண்ணு சொல்லணும். நான் வேலைக்கு சேர்ந்து பதினேழு வருஷம் அந்தக் கூடத்துல தேர்ந்தெடுத்த கவுன்சிலர்னு ஒருத்தர் உக்காந்து நான் பாத்ததில்ல. 1973ல மன்றத்தக் கலைச்சாங்க, அதுக்கப்பறம் 1996லதான் தேர்தல். நடுவுல 23 வருஷம் சிறப்பு அதிகாரி ஆட்சி. உள்ளாட்சியோட தந்தை பேர வச்ச கட்டடத்துலயே உள்ளாட்சி இல்ல, வேடிக்கையா இல்லையா. 1996ல ஸ்டாலின் மேயரா வந்தப்போ எங்களுக்கெல்லாம் தீர்மானம் எப்படி எழுதறதுன்னே மறந்து போச்சு, பழைய தீர்மானப் புத்தகத்த தேடி எடுத்து தூசி தட்டி அதைப் பாத்து நடை பழகினோம். மறுபடியும் 2016 கடைசியில இருந்து 2022 வரைக்கும் மன்றம் இல்ல, ஆனா அதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்தாச்சு.

கடிகாரத்த பத்தி ஒருத்தரும் சொல்லல. ஓக்ஸ் அண்ட் கோ 1913ல வச்சது. சாவி குடுத்து ஓட்டற கடிகாரம், தினமும் சாவி குடுக்கணும். நாலு மணி, எல்லாம் இங்கிலாந்துல ஜில்லெட் அண்ட் ஜான்ஸ்டன் வார்த்தது. கால் மணிக்கு ஒரு தடவ அடிக்கும், லண்டன் பிக் பென் அடிக்கற அதே ராகம். இப்போ ரோட்டு சத்தத்துல வெளிய நின்னா சரியா கேக்காது. நான் சேர்ந்த புதுசுல சாயங்காலம் ஆபீஸ் அடங்கினப்பறம் தாழ்வாரத்துல நின்னா நல்லா கேக்கும், அஞ்சே முக்கால் அடிச்சதும் டிபன் பாக்ஸ எடுத்து பையில வைப்போம். நீங்க மணிக்கு ஒரு நிமிஷம் முன்னாடி உள்ள தாழ்வாரத்துல போய் நில்லுங்க.

வாசல்ல சர் பிட்டி தியாகராய செட்டியார் சிலைய பாத்துட்டு போங்க, தி.நகர்ல வர்ற தியாகராயர் அவருதான். 1920ல ஆயிரம் விளக்கு மாநகராட்சி ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு மதிய சாப்பாடு போட தீர்மானம் கொண்டு வந்தவரு. சத்துணவுக்கு அதுதான் ஆரம்பம், இத உங்க அப்பாகிட்ட சொல்லுங்க, யூனியன் ஆபீஸ்ல சத்துணவு கணக்கு பாக்காத ஆளே கிடையாது.

பார்க்டவுன் பையன் எழுதியது:

சார் சூப்பர் 🙏 நான் பொறந்து வளந்தது இங்கதான், 23 வருஷம் மேயரே இல்லன்னு எனக்கு இப்பதான் தெரியும்.

அக்கா இன்னொண்ணு, உங்கப்பா பாத்த உயிர் காலேஜ் அந்த ரிப்பன் பில்டிங் பின்னாடிதான் இருந்துச்சு தெரியுமா. அந்த ஏரியா மொத்தமும் ஒரு காலத்துல பீப்பிள்ஸ் பார்க், ட்ரெவெலியன் கவர்னரா இருந்தப்போ உருவாக்கின நூறு ஏக்கருக்கு மேல இருந்த தோட்டம், அதுல ஒரு மூலையில ஜூ. அதுக்கப்பறம்தான் வண்டலூருக்கு போச்சு. எங்க தாத்தா சொல்வாரு ராத்திரில சிங்கம் கத்துறது வீட்டுக்கு கேக்கும்னு. அந்த பீப்பிள்ஸ் பார்க்கை கொஞ்சம் கொஞ்சமா வெட்டிதான் மூர் மார்க்கெட், ரிப்பன் பில்டிங், ஸ்டேடியம் எல்லாம் வந்துச்சு. மூர் மார்க்கெட் 1985ல எரிஞ்சு போச்சு, இப்போ அந்த எடத்துல சபர்பன் ட்ரெயின் ஸ்டேஷன், அது முன்னாடி மூர் மார்க்கெட் மாதிரியே குட்டியா ஒரு மாடல் கட்டி வச்சிருக்காங்க, அப்பா எக்ஸ்கர்ஷன்ல மூர் மார்க்கெட் போயிருந்தார்னா அதையும் காட்டுங்க. மனசு கஷ்டமாதான் இருக்கும்.

கேமரா கண்ணன் எழுதியது:

போட்டோ வேணும்னா சாயங்காலம் ஆறரைக்கு மேல வாங்க, லைட் போட்டதும் வெளிய இருந்து அவ்ளோ அழகு, சுதந்திர தினத்துக்கு மூவர்ண லைட் போடுவாங்க, அப்போ அந்த ரோட்டுல நிக்கவே எடம் இருக்காது. மெட்ரோ தோண்டின காலத்துல முன்னாடி பூரா தகரம் அடிச்சு பல வருஷம் ஒரு ஃப்ரேம் கூட கிடைக்கல, 2018ல சென்ட்ரல் மெட்ரோ ஓட ஆரம்பிச்சதுக்கு அப்பறம்தான் மெல்ல மெல்ல எடம் தெறந்துச்சு. உள்ள போட்டோ எடுக்கறதுன்னா கேட்டுட்டு எடுங்க, ஆபீஸ் நடக்கற எடம், வேலை பாக்கறவங்க மூஞ்சிக்கு நேரா போன நீட்டாதீங்க.

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. பழைய ஃபைல் ஐயா, உங்க போஸ்ட்ட அப்பாவுக்கு போன்ல படிச்சு காட்டினேன், "யாருன்னு கேளு, எந்த செக்‌ஷன்னு கேளு"ன்னு ஒரே தொல்லை. லெட்டர் குடுத்தாச்சு. போய்ட்டு வந்து எழுதறேன்.

பழைய ஃபைல் எழுதியது:

கடைசியில கணக்குல இருந்தேன்னு சொல்லுங்க. அவருக்குப் புரியும்.

வைகைக்கரை எழுதியது:

போய்ட்டு வந்தோம்!! ஒரு மாசம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

செவ்வாக்கெழம போனோம். மெட்ரோவுலதான் போனோம், லிஃப்ட்ல மேல வந்து மெதுவா நடந்தோம், அப்பா வேட்டி சட்டை, பாக்கெட்டுல பேனா ரெண்டு, ஆபீஸ் போற மாதிரியே கெளம்பி வந்தாரு. கேட்ல கேட்டாங்க, அனுமதி வாங்கினதச் சொன்னோம், கொஞ்ச நேரம் உக்கார சொல்லிட்டு அப்பறம் ஆபீஸ் உதவியாளர் ஒரு அம்மாவ கூட அனுப்பினாங்க. அவங்க பொறுமையா கூட்டிட்டு போனாங்க.

அப்பா தூண பாக்கல கோபுரத்த பாக்கல, நேரா தபால் செக்‌ஷன் எங்க இருக்குன்னு கேட்டாரு. எனக்கு சிரிப்பா வந்துச்சு. போற வழியில கதவு திறந்திருந்த ஒவ்வொரு ரூம் வாசல்லயும் நின்னு உள்ள பீரோவ பாக்கறாரு, ஃபைல் கட்ட பாக்கறாரு, "எல்லாம் கம்ப்யூட்டர் வந்தப்பறமும் செவப்பு நாடா இருக்கு பாத்தியா"ங்கிறாரு. செங்கல் சுண்ணாம்பு சொன்ன மாதிரி சுவர தட்டி பாக்க சொன்னேன், விரல மடக்கி ரெண்டு தட்டு தட்டிட்டு "கெட்டிக் கட்டடம்"னு தலையாட்டினாரு.

மாமன்றக் கூடத்துல கூட்டம் இல்ல, காலி. வாசல்ல செருப்ப கழட்டப் போனாரு, அந்த அம்மாதான் வேணாம்யா போட்டுட்டே வாங்கன்னாங்க. உள்ள நின்னு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் கேட்டாரு பாருங்க, "எத்தன வார்டு?" 200னு சொன்னாங்க. "அப்ப கோரத்துக்கு எத்தன பேரு வேணும்?" (கூட்டம் நடத்த குறைஞ்சது எத்தன பேரு வந்திருக்கணும்ங்கறதுதான் கோரம்.) அந்த அம்மா முழிச்சாங்க, செக்‌ஷன்ல கேட்டு சொல்றேன்னாங்க. இவரு விடல, எங்க யூனியன்ல கோரம் இல்லாம ரெண்டு கூட்டம் தள்ளி வச்சோம், மூணாவது தடவ சேர்மன் வீட்டுக்கே வண்டி அனுப்பினோம்னு கதைய ஆரம்பிச்சுட்டாரு. அவங்களும் பாவம் நின்னு கேட்டாங்க. 1688ல ஆரம்பிச்ச மாநகராட்சி, இந்தியாவுலயே பழசுன்னு அவங்க சொன்னதும், "எங்க யூனியன் 1960க்கு அப்பறம் வந்ததும்மா, உங்களுக்கு நாங்க பேரன் மொற"ன்னு ஒரு போடு போட்டாரு.

பன்னெண்டு மணிக்கு தாழ்வாரத்துல நின்னோம். ஐயா சொன்ன மாதிரி மொதல்ல அந்த ராகம், அப்பறம் ஒவ்வொண்ணா பன்னெண்டு. அப்பா கைய தூக்கி கைக்கடிகாரத்த பாத்துட்டே நின்னாரு. அது எச்எம்டி, என் கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினது. முடிஞ்சதும் ஒண்ணும் சொல்லாம வாட்ச்சோட திருகாணிய திருகி முள்ள மூணு நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சுக்கிட்டாரு. மூணு நாளா வீட்ல என் மொபைல் டைம் தப்பு, தன் வாட்ச்தான் ரைட்டுன்னு சண்ட போட்ட மனுஷன்.

மூர் மார்க்கெட் மாடலையும் காட்டினேன் பார்க்டவுன் தம்பி. அந்த எக்ஸ்கர்ஷன்ல அங்க எட்டணாவுக்கு ஒரு பழைய அட்லஸ் வாங்கினாராம், அது இன்னும் ஊர்ல பரண்ல இருக்காம். இத்தன வருஷத்துல எங்கிட்ட சொன்னதே இல்ல.

திரும்ப வர்றப்போ ட்ரெயின்ல சொன்னாரு, யூனியன் ஆபீஸ் சுவர்க்கடிகாரத்துக்கு ரிட்டயர்ட் ஆகற வரைக்கும் திங்கக்கெழம திங்கக்கெழம சாவி குடுத்தது அவருதானாம், ப்யூன் குடுத்தா இறுக்கி முறுக்கிடுவான்னு. இங்க தினமும் குடுக்கறாங்களான்னு ரெண்டு தடவ கேட்டாரு.

முட்டி வலி உள்ளவங்களுக்கு: ஒண்ணே கால் மணி நேரம் ஆச்சு எங்களுக்கு, நடுவுல ரெண்டு தடவ உக்காந்தோம், தண்ணி பாட்டில் கொண்டு போங்க.

பழைய ஃபைல் எழுதியது:

ரொம்ப சந்தோஷம்மா. அப்பாவுக்கு என் வணக்கம். கோரம் மூணுல ஒரு பங்குன்னுதான் எனக்கு நெனப்பு, சட்டத்த பாத்துட்டு சரியா எழுதறேன், தப்பா சொன்னா அவரு விடமாட்டாரு போல.

புதுசா வந்தவன் எழுதியது:

ஞாயித்துக்கெழம போனா உள்ள விடுவாங்களா?

பார்க்டவுன் பையன் எழுதியது:

யப்பா டேய். மேல போய் என் முதல் பதில படி.